ஐந்து மணிக்குள் போக வேண்டிய கடிதம்

சென்ற மார்ச் மாதம் சுங்கை பட்டாணியில், கால்பந்து அணிகளுக்குப் புதிதாக மேலாளர் பொறுப்பேற்றவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடந்தது. இருபத்தைந்து ஆண்டுகள் அந்த வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னையும் ஒரு மணி நேரம் பேச அழைத்திருந்தார்கள். ஆட்டக்காரர் பதிவு, ஆட்டத்துக்கு முன் கொடுக்கும் பெயர்ப் பட்டியல், மஞ்சள் அட்டைகளைக் குறித்து வைப்பது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இப்போது இதெல்லாம் கைப்பேசியிலேயே முடிந்துவிடுகிறது. இருந்தாலும் கவனமாகக் கேட்டார்கள். முடிவில் தர்ஷினி என்ற இளம் மேலாளர் எழுந்தார்.

"அங்கிள், இத்தன வருஷத்துல நீங்க தப்பா குடுத்த லிஸ்ட் ஏதாச்சும் இருக்கா?"

"ஒன்னுகூட இல்லம்மா" என்றேன். கைதட்டினார்கள்.

நான் கையெழுத்திட்ட எந்தப் பட்டியலிலும் பிழை இருந்ததில்லை. அந்த வகையில் நான் சொன்னது பொய்யல்ல. ஆனால் பீடோங்குக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கைதட்டல் உறுத்திக்கொண்டே வந்தது. அனுப்பாமல் விட்ட கடிதம் ஏதாவது உண்டா என்று அந்தப் பெண் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அதைச் சொல்வதென்றால் முதலில் வீராசாமி அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பீடோங் பக்கம் எட்டாங்கட்டை ரப்பர்த் தோட்டத்தில் நாங்கள் இருவரும் பிறந்தோம். என்னைவிட அவர் ஆறு வயது மூத்தவர். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு, புல் வெட்டுவது போன்ற வெளிக்காட்டு வேலைக்குப் போனார். பிறகு தோட்டத்து லோரியில் சாமான் ஏற்றி இறக்கும் கெலிண்டான் ஆனார். பிறகு ஓட்டுநர். நான் அப்போது ரப்பர்ப் பால் கொட்டகையில் நிறுவை எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஒரு பழைய லோரியை ஓட்டிக்கொண்டு வந்து கொட்டகை முன்னால் நிறுத்தினார். சொந்த லோரி. அதில் பின்னோக்கிச் செல்லும் கியர் வேலை செய்யாது. எங்கே நிறுத்தினாலும் நேராக வெளியே போகிற மாதிரி பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். கொட்டகையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"ரிவர்ஸ் இல்லாத லோரிய வச்சிக்கிட்டு என்னாண்ணே செய்யப் போறீங்க?" என்று கேட்டேன்.

"பின்னால போறதுக்கு நமக்கு என்னா வேல இருக்கு?" என்றார்.

அந்த லோரியில் மெர்போக்கிலிருந்து பாலிங் வரை போவார். சிறு தோட்டக்காரர்களிடம், மரத்தில் கட்டிய மங்கிலேயே உறைந்துபோன ரப்பரை, கட்டிப்பால் என்போம், வாங்கி ஆலைக்குக் கொண்டுவருவார். கட்டிப்பால் நாற்றம் சோப்புக்குப் போகாது. பஸ்ஸில் ஏறினால் பக்கத்து இருக்கை காலியாகிவிடும். "நல்லதுதான், கால நீட்டிக்கலாம்" என்பார். ரப்பரை வெட்டிச் செம்பனை நடத் தொடங்கியதும் மற்ற லோரிக்காரர்கள் தொழில் போயிற்று என்று புலம்பினார்கள். அண்ணன் செம்பனைக் குலை ஏற்றுகிற மாதிரி லோரியின் பின்பக்கத்தை மாற்றிக் கட்டினார். பதினைந்து ஆண்டுகளில் முப்பது லோரிகள், பீடோங் எல்லையில் பெரிய பட்டறை. பால் கொட்டகை மூடப்பட்ட வாரம் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"வந்துரு மாணிக்கம். கணக்கு எழுத ஆள் இருக்கு. மனுசங்களப் பாத்துக்க ஆள் இல்ல."

கால்பந்து அதற்குப் பிறகு வந்தது. இளவயதில் தோட்டத்து அணிக்கு வெறுங்காலோடு இடது பக்கத் தடுப்பாட்டம் ஆடியவர் அவர். தோட்டத்தை விற்றபோது திடலும் வீட்டுமனையாகி, அணி கலைந்தது. அண்ணன் அதை முறையாகப் பதிவு செய்து எட்டாங்கட்டை அணி என்றே பெயர் வைத்தார். ஒரு பள்ளித் திடலை வாடகைக்கு எடுத்தார். ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் எங்கள் பட்டறையிலும் லோரிகளிலும் வேலை செய்தவர்கள். என்னை மேலாளராக்கினார். மூன்று நாள் வகுப்பு, ஒரு தடித்த விதிப்புத்தகம், முதல் ஆண்டில் பட்டியலைத் தாமதமாகக் கொடுத்ததற்குக் கால்பந்துச் சங்கத்திலிருந்து வந்த இரண்டு கண்டனக் கடிதங்கள். என் படிப்பு அவ்வளவுதான்.

அந்தக் கண்டனங்களுக்குப் பிறகு நான் தவறு செய்யவில்லை. ஆட்டம் தொடங்க எழுபத்தைந்து நிமிடம் முன்பே பட்டியல் தயாராக இருக்கும். ஒவ்வொரு ஆட்டக்காரரின் அட்டையிலும் உள்ள படத்தையும் எண்ணையும் நானே முகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். சட்டைப் பையில் ஒரு சிறு நோட்டு வைத்திருப்பேன். நடுவர் மஞ்சள் அட்டை தூக்கினால் நிமிடம், சட்டை எண், என்ன குற்றம் என்று மூன்றையும் அங்கேயே எழுதிவிடுவேன். நடுவரின் அறிக்கையில் எண் மாறிப் போவதுண்டு. தடை செய்யப்பட்டவர்களின் பட்டியல் ஆட்டத்துக்கு முதல் நாள் காலையில் பேக்ஸில் வரும். தவறு இருந்தால் மாலை ஐந்து மணிக்குள் மேலாளர் கையெழுத்தோடு மறுப்புக் கடிதம் போய்ச் சேர வேண்டும். நான் அப்படி ஐந்து கடிதங்கள் அனுப்பியிருக்கிறேன். ஐந்தையும் ஏற்றுக்கொண்டார்கள்.

அண்ணனின் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். அவர் அதிகம் பேச மாட்டார். ஆட்டத்தன்று முக்கியப் பிரமுகர்களின் நாற்காலியில் உட்கார மாட்டார். திடலோரத்தில் தண்ணீர் நிரப்பிய பெரிய தோங்கு பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி போட்டுக்கொள்வார். கடலையை உரித்து உரித்து இடது கையில் சேர்ப்பார், சாப்பிட மறந்துவிடுவார். ஆட்டம் முடிந்ததும் பக்கத்தில் நிற்பவர் கையில் அப்படியே கொட்டிவிட்டுப் போவார். ஜெயித்தாலும் தோற்றாலும் அப்படித்தான். ஒரு டிரைவரை வேலையிலிருந்து நிறுத்தப் போகிறார் என்றால் அன்று காலை அவனுக்குத் தாமே தே தாரேக் வாங்கிக் கொடுப்பார். எங்கள் டிரைவர்கள் அந்தத் தேநீருக்குப் பயப்படுவார்கள்.

எல்லாவற்றுக்கும் அவருக்கு ஒரே சொல் இருந்தது. "பாத்துக்க." ஒரு டிரைவரின் மனைவி ஆஸ்பத்திரியில் என்றால், "பாத்துக்க." அதற்குப் பட்டறையிலிருந்து கார் அனுப்பு என்று பொருள். பயிற்சியாளர் ரஹிம் குரலை உயர்த்திப் பேசுகிறார் என்றால், "பாத்துக்க." விட்டுவிடு, அவர் வேலையில் தலையிடாதே என்று பொருள். எது எந்தப் பொருள் என்று அவர் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரியும். பட்டறை ஆட்களும் சங்கத்து ஆட்களும் என்னிடம்தான் வருவார்கள், "அண்ணன் என்னா நெனக்கிறாரு?" என்று கேட்டுக்கொண்டு. நான் சொல்வேன். அது சரியாக இருக்கும். என் வாழ்க்கையில் வேறு எதற்கும் நான் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

பிறகு அவர் இரண்டாவது அணியை வாங்கினார். தெற்கே, இரண்டு மாநிலங்கள் தள்ளி, ஒரு பெரிய பட்டணத்து அணி. விளக்குக் கம்பங்கள் உள்ள மைதானம், தனி அலுவலகம், எங்களைவிட ஒரு படி மேலான லீக். கட்டிப்பால் நாற்றத்தோடு பஸ்ஸில் தனியாக உட்கார்ந்து போனவரைப் பட்டம் பெற்ற பெரிய மனிதர்கள் வாசலுக்கு வந்து வரவேற்றார்கள். பீடோங் அலுவலகச் சுவரில் அந்த மைதானத்தின் பெரிய படம் வந்தது. அந்தப் பருவத்தில் எங்கள் ஆட்டங்களில் மூன்றுக்கு அவர் வரவில்லை. நான் அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், எட்டாங்கட்டை அணி முதன்முறையாக மேலே ஏறும் ஆட்டத்துக்குத் தகுதி பெற்றது. ஜெயித்தால் அடுத்த ஆண்டு தெற்கு அணி இருக்கும் அதே லீக். ஆனால் ஒரே லீக்கில் ஒருவருக்கு இரண்டு அணிகள் இருக்கக்கூடாது என்பது விதி. ஒன்றை விட்டாக வேண்டும். தெற்கு அலுவலகத்து ஆட்கள் தொலைபேசியில் சிரித்தபடி சொன்னார்கள்: "சின்னதத்தான் விடுவாரு. வேற என்னா செய்ய முடியும்?"

ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை, அண்ணன் பட்டறைக்கு வந்தார். நான் கேட்டேன்.

"அண்ணே, ஜெயிச்சிட்டா ரெண்டுல ஒன்ன விடணுமே?"

அவர் சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த செம்பனை மரங்கள் பக்கம் திரும்பினார்.

"அது என் பாடு" என்றார். பிறகு, "சனிக்கெழம பாத்துக்க."

அந்த முகத்தில் ஒரு வருத்தம் இருந்ததைக் கண்டேன். ஜெயித்தால் தாம் பெற்று வளர்த்த எட்டாங்கட்டை அணியைத் தம் கையாலேயே மூட வேண்டிவரும், அந்தப் பழி தமக்கு வராமல் பார்த்துக்கொள் என்கிறார் என்று அதற்குப் பொருள் கொண்டேன். தோற்றுவிட்டால் இரண்டும் இருக்கும். யாருக்கும் வருத்தமில்லை. இவ்வளவையும் நான் ஒரு சொல்லிலிருந்து படித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தடைப் பட்டியல் வந்தது. அதில் எங்கள் ஏழாம் எண் இருந்தது. குமரேசன். பாலிங்கிலிருந்து வந்து எங்கள் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தவன். எங்கள் கோல்களில் பாதி அவன் காலிலிருந்து வந்தவை. முந்தைய ஆட்டத்தில் வாங்கியது அந்தப் பருவத்தில் அவனுக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை, அதனால் அடுத்த ஆட்டத்துக்குத் தடை என்று போட்டிருந்தது. நோட்டைப் பிரித்தேன். அறுபத்து மூன்றாவது நிமிடம், பதினேழாம் எண், எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்தது. நடுவர் எழுதிய எண்ணில் முன்னால் இருந்த ஒன்று மங்கிப்போய், பதினேழு ஏழாகியிருந்தது. பதினேழாம் எண் ஆட்டக்காரருக்கு அதற்கு முன் அட்டையே இல்லை. ஒரு கடிதம் போதும், இருவருமே ஆடலாம்.

கடிதத்தைத் தட்டச்சு செய்தேன். கையெழுத்துப் போட்டேன். முத்திரையும் குத்தினேன். பேக்ஸ் இயந்திரத்தின் மேல் வைத்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

நான்கு மணிக்குக் குமரேசன் வந்தான். கையெல்லாம் கிரீஸ். உள்ளே வராமல் கதவருகே நின்றான்.

"அண்ணே, கோச் சொன்னாரு எனக்குத் தடையின்னு. நான் அன்னிக்கு அட்டையே வாங்கலலா."

"ரெப்ரி எழுதியிருக்காரே தம்பி."

"ஒங்க நோட்டுல பாருங்கண்ணே. நீங்க எழுதியிருப்பீங்க."

நோட்டு என் சட்டைப் பையில் இருந்தது. கடிதம் அவனுக்கு எட்டடி தூரத்தில், எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி கிடந்தது.

"பாத்தேன். ஏழுன்னுதான் இருக்கு. கமிட்டி முடிவு, ஒன்னும் செய்ய முடியாது" என்றேன்.

அவன் என்னை நம்பினான். அதுதான் கொடுமை. என் நோட்டில் தவறு இருக்காது என்று எல்லோருக்கும் தெரியும். கைகளைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, "அப்ப எனக்குத்தான் ஞாபகம் இல்லபோல" என்று சொல்லிவிட்டுப் போனான். சுவரில் மணி ஐந்தானதைப் பார்த்தேன். கடிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அலோர் ஸ்டாரில் ஆட்டம். பாலிங்கிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள், குமரேசனின் தாயார் உட்பட, அவன் ஆடுவான் என்று வந்திருந்தார்கள். அவன் அவர்களோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். அவன் இடத்தில் ஆடிய பையனுக்குக் கோல் முன்னால் இரண்டு முறை பந்து வந்தது. இரண்டும் வெளியே போயின. எண்பதாவது நிமிடத்தில் எதிரணி ஒரு கோல் போட்டது. அவ்வளவுதான். பையன்கள் திடலிலேயே படுத்துவிட்டார்கள். அண்ணன் முக்காலியிலிருந்து எழுந்தார். உரித்த கடலை கையில் இருந்தது. அன்று அதை யாரிடமும் கொடுக்கவில்லை. கையை மூடியபடியே காருக்கு நடந்தார்.

மறுநாள் காலை அலுவலகத்துக்கு என்னை அழைத்தார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். தெற்கு அணியை வேறொருவரிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம். அண்ணனின் கையெழுத்து, அதன் கீழே தேதி. சனிக்கிழமைக்கு முந்தைய திங்கள். நான் பட்டறையில் அவரிடம் கேட்பதற்கு மூன்று நாள் முன்பே போட்டிருக்கிறார்.

"ஜெயிச்சதும் பசங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தேன், இனிமே நமக்கு இது ஒன்னுதான்னு" என்றார். "மேல ஏறாம இந்தக் காகிதத்த வச்சிக்கிட்டு என்னா செய்றது. அவங்க இன்னும் கையெழுத்துப் போடல."

காகிதத்தைத் திரும்ப வாங்கி இரண்டாகக் கிழித்தார். நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"குமரேசனுக்கு அப்பீல் போட்டியா?"

"போட்டேண்ணே. ஏத்துக்கல."

"ம்" என்றார்.

அந்த ஒரு நிமிடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கும். இன்று நினைத்தால், அந்த வேலை போயிருந்தாலே நன்றாக இருந்திருக்கும்.

எட்டாங்கட்டை அணி அதற்குப் பின் ஏழு பருவங்கள் ஆடியது. அந்த அளவுக்கு ஒருபோதும் மீண்டும் போகவில்லை. நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். குமரேசன் மறு ஆண்டே பூட்ஸைக் கழற்றிவிட்டுப் பாலிங்குக்குத் திரும்பி, டயர் கடை வைத்தான். அண்ணனுக்குப் பக்கவாதம் வந்ததும் அவருடைய பிள்ளைகள் இரண்டு அணிகளையும் விட்டுவிட்டார்கள். நானும் ஓய்வு பெற்றேன். அந்த ஏழு ஆண்டுகளும் அண்ணன் என்னிடம் "பாத்துக்க" என்றே சொல்லிவந்தார். ஒவ்வொரு முறையும் நான், "என்னான்னு சொல்லுங்கண்ணே" என்று கேட்டுக்கொண்டேன். என்ன வந்தது இவனுக்கு என்று அவர் வியக்கவில்லை. பொறுமையாக விளக்கிச் சொன்னார். அது ஏன் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பயிற்சி வகுப்பில் கைதட்டல் வாங்கிய மறுவாரம் சுங்கை பட்டாணியில் அவர் வீட்டுக்குப் போனேன். ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். இடது கை மடியில் கிடந்தது. பேச்சு மெதுவாக, ஆனால் தெளிவாக வரும். எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டு, கடிதம், ஐந்து மணி. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"தெரியும்" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன்.

"சங்கத்து ஆளு மறுவாரமே சொல்லிட்டாரு. ஒங்க மேனேஜர் ஒரு வரி எழுதியிருந்தா சரி பண்ணியிருப்போமேன்னு."

"அப்ப ஏண்ணே என்கிட்ட கேக்கல?"

"கேட்டேனே. அன்னிக்கே கேட்டேன்ல?"

அவரே தொடர்ந்தார்.

"மறந்துட்டியோன்னு மொதல்ல நெனச்சேன். நீ மறக்கிற ஆளு இல்ல. அப்புறம்தான் வெளங்குச்சி, எனக்காகத்தான் செஞ்சிருக்கன்னு." மூச்சு வாங்கிக்கொண்டார். "தோத்தது போவட்டும். பந்துன்னா தோக்கத்தான் செய்யும். நான் தோக்கச் சொல்லுவேன்னு நீ நெனச்சிட்டியே, மாணிக்கம். இத்தன வருசம் கூட இருந்துட்டு."

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். அதைக் கேட்ட பிறகு அந்தச் சொல் மிகச் சிறியதாகிவிட்டது. அவருடைய மகள் பிஸ்கட்டும் மைலோவும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். இருவரும் தொடவில்லை.

"வாயத் தொறந்து நாலு வார்த்த நானும் சொல்லியிருக்கலாம்" என்றார் கடைசியில். "சரி. குமரேசன்கிட்ட சொன்னியா?"

"இல்லண்ணே."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த மௌனத்துக்கு என்ன பொருள் என்று நான் தேடவில்லை.

மறுநாளே பாலிங்குக்குக் காரை எடுத்தேன். குமரேசனின் கடை சாலையோரத்தில், வீட்டோடு சேர்ந்தாற்போல் இருந்தது. முன் தலை வழுக்கை, வயிறு கொஞ்சம் வைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணே, டயரா?" என்று சிரித்தான். நான் உட்காராமலே சொல்லத் தொடங்கினேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை. "ஒனக்கு அன்னிக்கி அட்ட இல்ல தம்பி. என் நோட்டுல பதினேழுன்னு இருந்துச்சி. கடுதாசி எழுதினேன். அனுப்பல" என்றுதான் வந்தது. ஏன் என்பதையும் சொன்னேன். அண்ணனுக்கு அதில் பங்கில்லை என்பதையும் சொன்னேன்.

அவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"ஒங்க நோட்ட நம்பித்தாண்ணே நானே என்னச் சந்தேகப்பட்டேன்" என்றான். "மேட்சு போனா போச்சு. பஸ்ஸுல வந்தவங்க எல்லாம் அம்மாகிட்ட கேட்டாங்க, ஒம் மவன் என்னா அசிங்கம் பண்ணான், வெளிய ஒக்கார வச்சிட்டாங்கன்னு. அம்மா என்னக் கேட்டாங்க. நான் ஒன்னும் செய்யலம்மான்னேன். நம்பல. கோவக்காரன், எவனையோ அடிச்சிருப்பேன்னு இன்னிக்கும் நெனச்சிக்கிட்டிருக்காங்க."

"நான் வேணும்னா..." என்று இழுத்தேன்.

"அம்மா உள்ளதான் இருக்காங்க" என்றான். "காது கொஞ்சம் மந்தம். சத்தமா சொல்லணும்."

உள்ளே கூட்டிப் போனான். அந்தம்மா தரையில் பாய் போட்டு உட்கார்ந்து முருங்கைக் கீரையை உருவிக்கொண்டிருந்தார். குமரேசன் குனிந்து, "பழைய மேனேஜர் அண்ணன் வந்திருக்காரும்மா" என்றான். நான் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்து சொன்னேன்.

"என்னாது?" என்றார்.

மறுபடி சொன்னேன். கையைக் காதருகே வைத்துக்கொண்டு இன்னும் சத்தமாகச் சொல்லும்படி தலையை ஆட்டினார். மூன்றாம் முறை, கடையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் சுத்தியலை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்திச் சொன்னேன்: "ஒங்க மவன் அன்னிக்கி ஒரு தப்பும் செய்யலம்மா. தப்பு செஞ்சது நான்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. வாசற்படியில் நின்ற மகனையே வெகுநேரம் பார்த்தார்.

"சொன்னியேடா" என்றார். "நீ அப்பவே சொன்னியே."